தம்பிக்கு வாங்கிய பற்றரிகள்

1

ஜேர்மனியில் வெடிச் சத்தம் கேட்க ஆசைப்படுகிறவர்கள் வருடப் பிறப்பு வரை பொறுத்திருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் இந்தச் சனங்கள் சட்டம், ஒழுங்கு, அயலவரின் நித்திரை எல்லாவற்றையும் மறந்துவிட்டு வெடி கொளுத்துவார்கள். மற்ற நாட்களில் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஓர் ஆணி அடித்தாலே கீழ்வீட்டுக்காரி படியேறி வந்துவிடுவாள். எங்கள் குடும்பத்துக்கு இந்த முறை கார்த்திகை மாதத்திலேயே வெடி வந்து சேர்ந்தது. ஹனோவருக்கு வருகிற எஸ்-பான் ரயிலில், என் தம்பி குகனின் ஜக்கெற் பைக்குள்.

நான் அப்போது வேலையில் நின்றேன். ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை ஒழுங்குபடுத்துகிற வேலை. வேலை நேரத்தில் ரெலிபோனைத் தொடக்கூடாது. அது ஏப்ரனுக்குள் கிடந்து அதிர்ந்தபடியே இருந்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இங்கே நாங்கள் எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைப்போம். குளிர் அறைக்குள் போய் நின்று எடுத்தால் பொலிஸ்.

ஜேர்மன் பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் பேசுவார்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பயம். “உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார், பதற்றப்பட வேண்டாம்” என்று தொடங்கினார் அவர். இப்படித் தொடங்கினால் யார்தான் பதறாமல் இருப்பார்கள்?

நடந்தது இதுதான். குகன் மின்சிகரட் குடிக்கிறவன். அதற்குப் போடுகிற பற்றரி ரோச் பற்றரியைப் போலத்தான் இருக்கும், சற்று ஒல்லி, சற்று நீளம். சார்ஜ் பண்ணிப் பண்ணிப் பாவிக்கலாம். மேலதிகமாக இரண்டை அவன் ஜக்கெற் பைக்குள் சும்மா போட்டு வைத்திருந்தான். அதே பைக்குள் அறைச் சாவியும் கிடந்தது. ஒரு பற்றரியின் மேலுறை கிழிந்திருந்தது. ரயில் ஆட்டத்தில் சாவி போய் அந்த இடத்தில் படிந்திருக்கிறது. பை சூடேறி, சீறி, புகை வந்தது. அவன் ஜக்கெற்றைக் கழற்றித் தரையில் எறிந்திருக்கிறான்.

இனி மற்றப் பயணிகளின் கண்ணால் பாருங்கள். ஒரு கறுத்த மனிதன், தாடி வேறு, புகைகிற ஜக்கெற்றை எறிகிறான். சனம் கத்திக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஓடியது. ரயில் அடுத்த நிலையத்தில் நின்றபோது பெட்டிக்குள் அவன் மட்டும் நின்றான். பொலிஸ் அவனைக் குப்புறப் படுக்கவைத்துக் கையைப் பின்னால் பிடித்தது. அவன் தரையில் கன்னத்தை வைத்தபடி “பற்றரி, பற்றரி” என்று மட்டும் சொல்லியிருக்கிறான். நல்லவேளையாக அந்தச் சொல் ஜேர்மனிலும் கிட்டத்தட்ட அதுதான்.

2

குகனை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். எனக்குப் பத்து வயது இளையவன். நான் இயக்கங்களும் ஆமியும் மாறி மாறி ஓடித் திரிந்த காலத்தில் கிழக்கு பேர்லின் வழியாக இங்கே வந்து சேர்ந்தேன். அவன் யுத்தம் முழுவதையும் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு வந்தான். “முடிந்துவிட்டதே, பிறகேன் வந்தாய்?” என்று இந்த நாடு அவனிடம் கேட்டது. அவன் சொன்ன பதில் அவர்களுக்குப் போதவில்லை. இவ்வளவு வருடங்களாக அதே கேள்வி, அதே பதில்.

அவனிடம் இருப்பது டுல்டுங். ஊரில் இருக்கிற நீங்கள் இதை விசா என்று நினைக்கிறீர்கள். இல்லை. “உன்னை வெளியேற்ற வேண்டும், ஆனால் இப்போதைக்கு முடியவில்லை, அதனால் பொறுத்துக்கொள்கிறோம்” என்பதை அச்சடித்துக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்ட கடதாசி. சில மாதங்களுக்கு ஒருமுறை டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுத்துப் போய் அதைப் புதுப்பிக்க வேண்டும். வேலை செய்ய ஏலாது. கடவுச்சீட்டைக் கொண்டு வா என்பார்கள். அதைக் கொடுத்தால் அதையே காட்டி விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்பது அவனுடைய பயம். அந்தப் பயம் பிழை என்று யாரும் அவனுக்கு நிரூபித்துக் காட்டவில்லை.

அவன் இருப்பது இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ஒரு சின்ன ஊரின் ஹைமில். அகதிகளை வைத்திருக்கிற விடுதியை இங்கே எங்கள் ஆட்கள் ஹைம் என்போம். சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவான். என் மனுசன் போய்ச் சேர்ந்த பிறகு, மகளும் வேலைக்கென்று எர்லாங்கனுக்குப் போன பிறகு, என் கதவு மணியை அடிக்கிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் பார்சல் கொண்டு வருபவர், மற்றது குகன்.

அவனுடைய மனைவி சாந்தி யாழ்ப்பாணத்தில். விட்டுவிட்டு வந்தபோது மகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. இப்போது அவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அப்பாவை அவள் கைத்தொலைபேசித் திரையின் அளவில்தான் கண்டிருக்கிறாள்.

சிகரட்டை விடு என்று டொக்டர் சொன்னபோது, ஹைமில் இருந்து வேறு ஊருக்கு மாற்றப்பட்ட ஒரு கம்பியா நாட்டுக்காரன் தன் மின்சிகரட்டை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். கையளவு பெட்டி, மேலே ஒரு குழல். குகன் அதை ஊதுகிறபோது முகம் முழுக்க வெள்ளைப் புகை மூடும். “அரோகரா சொல்லட்டோ?” என்று நான் பகிடி விடுவேன். சிரிப்பான். அவன் சிரிப்பதற்கு அந்த நாட்களில் வேறு காரணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பற்றரியை அவன் வாங்குவதில்லை. இங்கே பழைய தளபாடங்களைத் தெருவோரம் தூக்கி வைக்கிற நாட்கள் இருக்கின்றன. அதற்குள் பழைய மடிக்கணினி, வயரில்லாத தூசு உறிஞ்சி எல்லாம் கிடக்கும். அவற்றை உடைத்தால் உள்ளே இதே அளவுப் பற்றரிகள் வரிசையாக இருக்குமாம். எடுப்பான், கிழிந்த உறைக்கு மேல் ஒட்டுகிற ரேப் சுற்றுவான், பாவிப்பான்.

அதைவிடப் பெரிய விளையாட்டு ஒன்றை ஒரு சனிக்கிழமை கண்டேன். என் வரவேற்பறை ஹீற்றருக்கு மேலே, வடகம் காயப்போட்ட மாதிரி, பற்றரிகள் வரிசையாகப் படுத்திருந்தன.

“என்னடா இது?”

“கொஞ்சம் சூடு பிடிக்கட்டும் அக்கா. இன்னும் ரண்டு நாளைக்கு இழுக்கும்.”

“ஆர் சொன்னது?”

“ஆர் சொல்லோணும்? நாங்கள் அப்பிடித்தானே செய்தனாங்கள்.”

நான் விட்டு வந்த பிறகுதான் அங்கே பற்றரிக்கு அரசாங்கம் தடை போட்டது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போலப் பற்றரியும் கிடைக்காத சாமானாகிவிட்டது. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து, அடுப்புக் கரையில் சூடு காட்டி, ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டு, அதிலிருந்து ரேடியோவில் ஒரு செய்தி அறிக்கைக்குப் போதுமான உயிரை எடுப்பார்களாம். அதுவும் ஏலாவிட்டால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்பார்களாம். எங்கள் வீட்டில் சுற்றுகிற ஆள் இவன்தான். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை. அப்போது நான் ஹனோவரில் கடைக்குப் போய் வேண்டிய அளவு பற்றரி வாங்கிக்கொண்டிருந்தேன். அதனால் அன்றைக்கு அவனோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. யன்னல் சீலையை மட்டும் தள்ளி விட்டேன்.

3

பொலிஸில் இருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு நல்ல மழை. இடுப்பில் ஓர் உள்ளங்கை அளவுக்குத் தோல் வெந்திருந்தது. இடக்கை விரல்களிலும் கொப்புளம். மருந்து கட்டியிருந்தார்கள். பொலிஸ் மன்னிப்புக் கேட்டதோ என்று கேட்டேன். “தேத்தண்ணி தந்தவங்கள்” என்றான்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டுக் கொடுத்துவிட்டு என் வாயைத் திறந்தேன். எனக்குக் கோபம் வந்தால் மேல்வீடு கீழ்வீடு பார்க்க மாட்டேன்.

“உனக்கு மூளை கீளை இருக்கோடா? குப்பையிலை பொறுக்கின பற்றரியைப் பொக்கெற்றுக்கை கொண்டு திரியிறாய். அது முகத்துக்கு நேரை வெடிச்சிருந்தா? கண் போயிருந்தா?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“வாயைத் திறந்து சொல்லு!”

“வெடிச்சா வெடிக்கட்டும் அக்கா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பருப்புக்கு உப்புக் காணாது என்று சொல்வதுபோலச் சொன்னான். “என்ன நட்டம் இப்ப?”

ஹைமுகளில் நடக்கிறவற்றை நாங்கள் அறிவோம். ஒருவன் கயிற்றில், ஒருவன் மருந்துக் குளிசையில், ஒருவன் ரயில் பாதையில். கேள்விப்பட்டதும் “பாவம், யார் பெற்ற பிள்ளையோ” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவோம். இவனுக்கு அதெல்லாம் தேவையில்லை, பைக்குள் பற்றரி இருக்கிறதே என்று நினைத்தேன். சாவு தானாக வரட்டும் என்று காத்திருக்கிறான் என்று எனக்குப் பட்டது. அவனுக்கு எதுவும் நடந்தால் சாந்திக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்ல வேண்டியவள் நான்தான்.

அவன் மனதை மாற்ற எனக்குத் தெரியாது. விசா எடுத்துக் கொடுக்கவும் ஏலாது. நல்ல பற்றரி வாங்கிக் கொடுக்க முடியும். அதையாவது செய்வோம் என்று முடிவெடுத்தேன்.

4

என் மகள் நிலானி எர்லாங்கனில் ஒரு பெரிய மின்னணு நிறுவனத்தில் எஞ்சினியர். சைக்கிளில் வேலைக்குப் போகிறாள். ஞாயிறுகளில் எனக்கு ரெலிபோன் எடுப்பாள். “என்ன சாப்பிட்டியள்? மருந்து போட்டியளா? சரி அம்மா, ச்சுஸ்.” நான் ச்சுஸ் சொல்வதற்குள் வைத்துவிடுவாள். பிள்ளை கெட்டவள் இல்லை. எங்களுக்கு இடையில் கதைக்கிற சாமான் தீர்ந்துவிட்டது. அவளுக்குத் தமிழில் சமையலும் சுகமும் விசாரிக்கத்தான் சொற்கள் இருக்கின்றன. எனக்கு ஜேர்மனில் வேலையும் டெர்மினும்தான்.

பற்றரி விஷயத்தைச் சொன்னதும் அவளுடைய குரலே மாறிவிட்டது.

“அம்மா, அது சரியான கெஃபேர்லிஷ், ஆபத்து. மடிக்கணினி அக்கு, பற்றரி, இதுக்குப் போடக்கூடாது. இது ஒரேயடியாக் கனக்கக் கரண்ட் இழுக்கும். அதாலை அவ்வளவு குடுக்க ஏலாது, சூடாகும்.”

“மாமா அதை ஹீற்றரிலை வைச்சுச் சூடாக்கிறவர்.”

“அம்மா, நீங்கள் பகிடி விடுறியளா?”

அன்றைக்கு அரை மணித்தியாலம் கதைத்தாள். அடுத்த நாள் தானாகவே திரும்ப எடுத்தாள். உறை கிழிந்தால் ஏன் ஆபத்து என்று விளக்கினாள். பற்றரியின் உடம்பு முழுக்க ஒரு முனையாம், தலை மட்டும் மறு முனையாம், நடுவில் இருக்கிற அந்த மெல்லிய உறைதான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறதாம். பற்றரிகளைத் தனியாகப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள்தான் கொண்டு போக வேண்டுமாம். ஆளில்லாத இடத்தில் சார்ஜ் போடக்கூடாதாம். சந்தையில் போலிகள் நிறைய இருக்கின்றனவாம், நம்பகமான கடையில் மட்டும் வாங்கச் சொன்னாள். சொல் வராத இடத்தில் ஜேர்மனுக்குத் தாவி, பிறகு எனக்காகத் திரும்பி வந்தாள்.

நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பதில் தெரிந்த கேள்விகளையும் அவளிடம் கேட்டேன். விளங்கியதையும் விளங்கவில்லை என்றேன். ஒரு தாய் தன் பிள்ளையின் குரலைக் கேட்பதற்குப் பற்றரியைப் பற்றிப் படிக்க வேண்டியிருக்கிறது என்று ஊரில் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஒருநாள் துணிந்து கேட்டேன்.

“மாமாவோடை நீ ஒருக்காக் கதையன். நீ சொன்னாக் கேப்பார். சின்னனிலை மாமாவின்ரை தோளிலைதானே திரிஞ்சனி.”

“என்ன கதைக்கிறது அம்மா?” என்றாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான் லிங்க் அனுப்புறன், அவருக்குக் காட்டுங்கோ” என்றாள்.

லிங்க் வந்தது. முழுக்க ஜேர்மன்.

5

மின்சிகரட் விற்கிற கடைக்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் போனேன். வேலைச் சப்பாத்தோடு, சாமான் இழுக்கிற வண்டிலோடு போய் நின்றேன். உள்ளே மாம்பழமும் புதினாவும் சேர்ந்து மணத்தது. மூக்கிலும் புருவத்திலும் வளையம் போட்ட ஒரு பெட்டை, நான் வழி தவறி வந்துவிட்டேன் என்று நினைத்து, மருந்துக்கடை பக்கத்தில் இருக்கிறது என்று அன்பாகச் சொன்னாள்.

முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிறேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடுகிற டேர், டீ, டாஸ் மூன்றும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பதற்றம் வந்தால் வினைச்சொல் எங்கே போகிறதென்றே தெரியாது. “எனக்கு அக்கு, வெடிக்காதது” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கருவியின் படத்தைக் காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு, இது இரண்டு பற்றரி போடுகிற வகை, இன்னும் கவனம் வேண்டும் என்றாள். மேசை லாச்சியில் இருந்து சிலவற்றை எடுத்து வைத்தாள். மேலே பெரிய பெரிய எண்ணாக அச்சடித்தவற்றை நம்பாதே என்றாள். எந்தப் பற்றரி எவ்வளவு கரண்ட் பாதுகாப்பாகக் கொடுக்கும் என்பதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அதற்குப் பிறகு என்றாள். அதிகம் நிற்கும் என்று ஆசைப்பட்டுத்தான் எல்லோரும் பிழையானதை வாங்குகிறார்களாம். பற்றரியின் தலைப்பக்கத்தில் ஒரு வெள்ளை வளையம் இருக்கிறது, அது கிழிந்தால் பற்றரியை எறிந்துவிடு என்று விரலால் தொட்டுக் காட்டினாள்.

“யாருக்கு? மகனுக்கா?” என்று கேட்டாள்.

“ஓம், மகனுக்கு” என்றேன். மற்றக் கதையைச் சொல்வதற்கு என்னிடம் ஜேர்மன் காணாது.

“அப்படியென்றால் இவை இரண்டையும் கட்டிவைக்கிறேன்” என்றாள். எனக்கு விளங்கவில்லை. பேனாவால் இரண்டிலும் ஒரே அடையாளம் போட்டு, ஒரு பிளாஸ்ரிக் பக்கெற்றுக்குள் வைத்து ஒட்டினாள். ஒன்றாக வாங்கிய இரண்டையும் ஒன்றாகவே பாவிக்க வேண்டும், ஒன்றாகவே சார்ஜ் பண்ண வேண்டும், ஒன்றைப் பிரித்து வேறொன்றோடு சேர்க்கக் கூடாது, ஒன்று பழுதானால் மற்றதும் போகத்தான் வேண்டும், இதைத்தான் மின்சிகரட் குடிக்கிற நாங்கள் கலியாணம் கட்டி வைப்பது என்று சொல்வோம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பொருத்தம் பார்த்தாச்சோ என்று கேட்க நினைத்தேன், அதற்கும் ஜேர்மன் தெரியவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் ட்ராமில் சாந்தியை நினைத்தேன். அவளும் இவனும் ஒரே வீட்டில் இருந்த காலத்தைவிட ரெலிபோனில் இருந்த காலம் கூடிப்போய்விட்டது.

பற்றரிச் சோடி, தனிச் சார்ஜர், பிளாஸ்ரிக் பெட்டி. எல்லாவற்றையும் அடுத்த சனிக்கிழமை குகனுக்கு முன்னால் மேசையில் பரப்பி வைத்து, கடைக்காரப் பெட்டை சொன்னதையும் மகள் சொன்னதையும் சேர்த்துப் பாடம் எடுத்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஆனால் பக்கெற்றைத் திறக்கவில்லை.

“நல்ல சாமான் அக்கா” என்றான். “சரியான நல்ல சாமான்.”

“இனி ஹீற்றரிலை வைக்க மாட்டாய் என்ன?”

“மாட்டன்.”

அவனிடம் இருந்த பழைய பற்றரிகளை வாங்கி, முனைகளுக்கு ரேப் ஒட்டி, சுப்பர்மார்க்கெற் வாசலில் இருக்கிற பழைய பற்றரிப் பெட்டிக்குள் போட்டேன். அன்றைக்கு நல்ல நித்திரை வந்தது.

6

சில கிழமைகளுக்குப் பிறகு குகனின் லோயர் எனக்கு ரெலிபோன் எடுத்தா. அவனுடைய வழக்கில் மொழிபெயர்ப்பது எப்போதும் நான்தான் என்பதால் என்னோடுதான் பேசுவா. நல்ல மனுசி. சுற்றி வளைக்கமாட்டா. கடைசியாகக் கொடுத்திருந்த விண்ணப்பமும் சரிவரவில்லை என்றா. இனி மேலே கொண்டு போக இடமில்லையாம். டுல்டுங்கை நீட்டுவார்கள், விமானத்தில் ஏற்ற முடியாதவரை நீட்டிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் விசா என்று ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம், குடும்பத்தைக் கூப்பிடுகிற கதை அறவே வேண்டாம் என்றா. “நீங்கள் அவரிடம் சொல்வீர்களா? உங்கள் மொழியில் சொல்வது நல்லது” என்று கேட்டா.

எங்கள் மொழியில் இதற்கு நல்ல சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சொல்கிறேன் என்றேன்.

அந்தச் சனிக்கிழமையும் அடுத்த சனிக்கிழமையும் அவன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். நான் சொல்லவில்லை. வெடிச்சா வெடிக்கட்டும் என்று சொன்னவனிடம் இதை எப்படிச் சொல்வது? அவன் அதைக் கேட்டுவிட்டுத் தனியே ரயிலேறி ஹைமுக்குப் போகக் கூடாது. அவனுடைய இடத்துக்குப் போய், பக்கத்தில் இருந்து சொல்வோம் என்று அடுத்த ஞாயிறு புட்டும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு போனேன்.

7

ஹைம் பழைய இராணுவக் கட்டடம். தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். குகனின் அறைக்காரன் வெளியே போயிருந்தான். குகன் என்னைக் கண்டதும் கட்டிலில் கிடந்த உடுப்புகளை அவசரமாக ஒதுக்கினான். நான் கதிரையில் இருக்கவும் இல்லை, கண் நேரே ஹீற்றருக்குப் போனது. மேலே இரண்டு பற்றரிகள். உறை தெரியாமல் மஞ்சள் ரேப் சுற்றியவை.

“குகன்.”

“அது... தெருவிலை ஒரு தூசு உறிஞ்சி கிடந்தது அக்கா.”

“நான் வாங்கித் தந்தது எங்கை?”

அவன் திரும்பவும் உடுப்புகளை ஒதுக்கினான். விற்றுவிட்டான் என்று நினைத்தேன். யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். எழும்பிப் போய் அவனுடைய இரும்பு அலுமாரியைத் திறந்தேன்.

மேல்தட்டில், ஒரு வெள்ளைத் துவாய்க்கு மேலே, எல்லாம் அப்படியே இருந்தன. பற்றரிகள் பக்கெற் திறக்காமல். சார்ஜர் பெட்டி ஒட்டுப் பிரிக்காமல். பக்கத்தில் ஒரு புதுச் சேட், இளநீலம், கழுத்தில் குண்டூசியும் மட்டையும் இருந்தபடியே. நான் எந்தத் தீபாவளிக்கோ கொடுத்த வாசனைச் சோப்பு. சின்னக் கையுறைச் சோடி ஒன்று, பொம்பிளைப்பிள்ளைக்கு உரியது, மகள் இப்போது வளர்ந்திருக்கிற அளவுக்கு அது காணாது.

“என்னடா இது?”

“புதுச் சாமான் அக்கா. ஏன் இப்ப உடைப்பான்?” வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தான். “விசா வந்தாப் பிறகு எல்லாத்தையும் எடுப்பமெண்டு வைச்சிருக்கிறன். இந்தச் சேட் எயாப்போட்டுக்குப் போட. சாந்தியவையைக் கூப்பிடப் போகேக்கை.”

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். இத்தனை நாளும் இவன் சாவைப் பைக்குள் கொண்டு திரிகிறான் என்று நினைத்துப் பயந்து செத்தவள் நான். நல்லதை நல்ல நாளுக்கு எடுத்து வைக்கிற எங்கள் புத்திதான் அவனுக்கும். எங்கள் வீடுகளில் கண்ணாடித் தட்டுகள் விருந்தாளிக்காக அலுமாரிக்குள் இருக்கும், நாங்கள் பிளாஸ்ரிக் தட்டில் சாப்பிடுவோம். அவனுக்கு விருந்தாளி விசா. அது வரும்வரைக்கும் குப்பைப் பற்றரி போதும் என்று இருந்திருக்கிறான்.

“வைச்சிருந்தாலும் பற்றரி பழுதாப்போகும் குகன். நிலானி சொன்னவள். பாவிக்காட்டிலும் கிழடாகுமாம்.”

“எவ்வளவு காலத்திலை?”

“கொஞ்ச வருசத்திலை.”

“ஓ, அதுக்குள்ளை வந்திடும்” என்றான்.

நான் அவனுடைய முகத்தைப் பார்த்தேன். அதில் சாவு இல்லை. இவ்வளவு காலம் அதில் நான் பார்க்கத் தவறியது எதிர்பார்ப்பு. சாக நினைக்கிறவனைப் பிடித்து இழுக்க நான் ஆயத்தமாக வந்திருந்தேன். காத்திருக்கிறவனிடம் என்ன சொல்வதென்று யோசித்து வரவில்லை.

ஹீற்றரில் இருந்த இரண்டையும் துணியால் பிடித்து எடுத்தேன். ஒன்று கை பொறுக்காத சூடாக இருந்தது. யன்னலைத் திறந்து வெளி விளிம்பில் வைத்தேன். பிறகு அவனுடைய மேசையில் கிடந்த கத்தரிக்கோலையும் அலுமாரியில் இருந்த பற்றரிப் பக்கெற்றையும் கையில் எடுத்தேன்.

“அக்கா, வெட்டாதேங்கோ.”

“தள்ளு.”

“அக்கா, பிளீஸ். இன்னும் கொஞ்ச நாள். லோயர் மனுசி புதுசா ஒண்டு போட்டிருக்கிறா எல்லே. அது வரட்டும்.”

நான் வெட்டினேன். அந்தப் பிளாஸ்ரிக் தடிப்பானது, இரண்டு மூன்று தரம் நெரிக்க வேண்டியிருந்தது. பற்றரிகளை எடுத்து வளையம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சார்ஜர் பெட்டியைக் கிழித்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவன் சார்ஜரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“லோயர் உங்களோடை கதைச்சவவோ?” என்று கேட்டான்.

“ஓம்.”

“எப்ப?”

“போன கிழமைக்கு முதல் கிழமை.”

புட்டுப் பொதியை நான் அவிழ்த்தேன். சாப்பிடு என்றேன். “அப்ப இனி வைச்சிருக்கத் தேவையில்லை” என்றான். அவன் எழும்பி அலுமாரியடிக்குப் போனான். புதுச் சேட்டை எடுத்துக் கட்டிலில் விரித்து, கழுத்தில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான்.